விரைப் புற்றுநோய்க்கு ‘ட்ரயல்’: எவ்வளவு சிகிச்சை இருந்தால் போதும்?

“ட்ரயல்னா நம்ம பையன எலி மாதிரி வச்சுப் பாக்கறதுதானுங்களே?” கோவையில் புற்றுநோய்ப் பிரிவு எதன் முன்னால் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பக்கத்து நாற்காலிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போவார்: “எல்லா மருந்தும் கைவிட்டாத்தானுங்க ட்ரயல்ல போடுவாங்க.” மூன்றாமவருக்கு அதற்கு நேர் எதிரான நம்பிக்கை: “அட, ட்ரயல்ல சேந்தா அமெரிக்காவுல குடுக்கற புது மருந்து, அதும் காசில்லாம.”

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைவிட அதிகமாகக் குழப்பம் இருக்கிறது. குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். துணிக்கடையில் ட்ரயல் ரூம், போர் மோட்டார் மாட்டியதும் ஒரு ட்ரயல் ஓட்டம் என்று பழகிய காதுக்கு, ட்ரயல் என்றால் ‘சும்மா போட்டுப் பார்ப்பது’. மருத்துவத்தில் அதற்கு முற்றிலும் வேறு பொருள். ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதிவைத்து, அதற்கு எத்தனை பேர் தேவை, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்து, மனிதர்களின் சம்மதத்தோடு விடை தேடும் ஆய்வுதான் க்ளினிக்கல் ட்ரயல்.

விரைப் புற்றுநோயில் இன்னொரு விசேஷம் உண்டு. பெரும்பாலும் குணமாகிவிடும் நோய் இது. அதனால் இதன் முக்கியமான ட்ரயல்கள் பலவும் ‘புதிதாக என்ன கொடுக்கலாம்’ என்று கேட்கவில்லை. ‘கொடுப்பதில் எதைக் குறைக்கலாம்’ என்றே கேட்டன.

நோயைப் பற்றித் தேவையான அளவு

பேச்சு வழக்கில் விதை என்கிறோம், எழுத்தில் விரை. வெளியே தெரியும் தோல்தான் விதைப்பை. புற்றுநோய் வருவது பையில் அல்ல, உள்ளே இருக்கும் விரையில். பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் அரிய நோய். இந்த அரிதுத்தன்மையை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் அறிகுறி வலியில்லாத கட்டி அல்லது ஒரு பக்கம் கனப்பது. வலி இல்லாததால்தான் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. ‘ஓதம் இறங்கியிருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். ஓதம் என்பது நீர் கோத்த வீக்கம். இது திடமான கட்டி. ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரண்டையும் பத்தே நிமிடத்தில் பிரித்துக் காட்டும்.

கட்டி என்று தெரிந்தால் முதல் வேலை அந்த விரையை அகற்றுவது. வெட்டுவது கவட்டுப் பக்கம், அடிவயிற்றின் ஓரத்தில். பைத்தோலைக் கீறியோ ஊசி குத்தியோ எடுக்கக் கூடாது. விரையின் நிணநீர் வயிற்றின் பின்புறம் போகிறது, பைத்தோலின் நிணநீர் கவட்டுக்குப் போகிறது. தோலைக் குத்தினால் நோய்க்கு இல்லாத பாதை ஒன்றைத் திறந்துவிட்டதாகும்.

எடுத்த கட்டியை லேபில் பார்த்து இரண்டில் ஒன்று என்பார்கள். செமினோமா மெதுவாகப் போகும், கதிர்வீச்சுக்கு நன்றாக அடங்கும். செமினோமா அல்லாதது வேகமாகப் பரவும். ரத்தத்தில் மூன்று அடையாளப் பொருள்களை அளப்பார்கள்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். இவற்றை மார்க்கர் என்பார்கள்.

பரவியிருந்தால் வழக்கமான கீமோ பி.இ.பி.: ப்ளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகள். 21 நாள் ஒரு சுற்று, பேச்சில் ‘சைக்கிள்’. கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டாக வேண்டும். கல்யாணம் ஆகாத பையனிடம் இதைப் பேச அப்பா கூச்சப்படுவார், டாக்டர் மறந்துவிடுவார், பிறகு ஐந்து வருடம் கழித்து எல்லோரும் வருந்துவார்கள்.

சுருக்கமாக: அரிய நோய், இளவயது நோய், ஆரம்பத்திலேயே பிடித்தால் 100-க்கு 99 பேர் பிழைக்கும் நோய். அப்படிப் பிழைப்பவருக்கு இன்னும் 40, 50 வருட வாழ்க்கை பாக்கி. சிகிச்சை விட்டுப்போகும் காயமும் அத்தனை வருடம் கூடவே வரும்.

தலைமடையும் கடைமடையும்

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஓர் ஏக்கர் மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். புது உரம் ஒன்று நல்லது என்கிறார்கள். தலைமடைப் பக்கம் புது உரம், கடைமடைப் பக்கம் பழைய உரம் போட்டுப் பார்க்கிறார் ஒருவர். தை மாதம் வெட்டிப் பார்த்தால் தலைமடையில் விளைச்சல் அதிகம். உரம் ஜெயித்ததா, தண்ணீர் ஜெயித்ததா? சொல்ல முடியாது. தலைமடையில் தண்ணீர் எப்போதும் முந்தி வரும்.

சரி, அவர் வேறொரு வழி செய்கிறார். நிலத்தை 20 பாத்தியாகப் பிரித்து, 20 சீட்டு எழுதிக் குலுக்கி, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டு சொன்னபடி போடுகிறார். இப்போது தலைமடைப் பாத்திகள் இரண்டு பக்கமும் கலந்து விழும். களர் மண், எறும்புப் புற்று, வேப்பமர நிழல் எல்லாமே கலந்து விழும். மிச்சமிருக்கும் வித்தியாசம் உரத்தால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இது நான் வசதிக்காகக் கட்டிய உவமை என்று நினைக்க வேண்டாம். குலுக்கல் முறை பிறந்ததே வயலில்தான். 1920-களில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் பயிர்ச் சோதனைக்காக வகுத்தது அது. மருத்துவம் அதைக் கடன் வாங்கியது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று குலுக்கல் முறையில் பார்த்த ஆய்வு 1948-ல் வெளிவந்தது.

மனிதர்களிடம் தலைமடை எது? வயது, நோய் பரவிய அளவு, வீட்டில் சாப்பாடு எப்படி, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். ‘தெம்பா இருக்கறவனுக்குப் புது மருந்து குடுப்போம்’ என்று டாக்டர் தேர்ந்தெடுத்தால், தெம்பால் வந்த பலனை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்குகிறது. டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் கேட்டு வாங்க முடியாது. இதற்குப் பெயர் குலுக்கல் ஒதுக்கீடு. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள சிகிச்சை பெறுபவர்கள் ஒப்பீட்டுக் குழு. பழைய உரம் போட்ட பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்குவது நியாயமா என்று கோபப்படுபவர்கள் உண்டு. எது மேல் என்று யாருக்குமே தெரியாத நிலையில் மட்டும்தான் குலுக்கலாம். தெரிந்த பிறகும் குலுக்கினால் அது குற்றம். ட்ரயல் தொடங்க அனுமதி கேட்கும்போது முதலில் நிரூபிக்க வேண்டியதே அந்தத் ‘தெரியாது’ என்பதைத்தான்.

லேப் டிப்பிலிருந்து பல்க் வரை

திருப்பூர்க்காரர்களுக்குக் கட்டம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பையர் ஒரு ஷேடு கேட்டால் நேராக ஒரு டன் துணியைச் சாயத்தில் போட மாட்டார்கள். சில கிராம் துணியில் லேப் டிப். அது ஓகே ஆனால் சிறிய சாம்பிள் லாட். பிறகுதான் பல்க். லேபில் சரியாக வந்த ஷேடு பல்க்கில் மாறுவது தினசரி நடக்கும் கதை. தண்ணீரின் கடினம் மாறினாலே போதும்.

மருந்துக்கும் இதே ஒழுங்கு. முதல் கட்டத்தில் சிலரிடம் எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் இன்னும் கொஞ்சம் பேரிடம், நோய் சுருங்குகிறதா என்று. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கிப் பிரித்து, நடைமுறை சிகிச்சையோடு மோதவிடுவார்கள். நான்காம் கட்டம் விற்பனைக்கு வந்த பிறகு நடப்பது; அரிதான பக்கவிளைவைத் தேடுவதற்கு.

சிஸ்பிளாட்டின் இந்தப் பாதையில் வந்ததுதான். 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாவில் மின்சாரத்தின் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரிவதை நிறுத்திவிட்டது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. பிரிந்து பெருகும் புற்றுநோயையும் அது நிறுத்துமா என்று மனிதர்களுக்குக் கொடுத்த முதல் கட்டத்தில் கடும் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு. கிட்டத்தட்ட குப்பைக்குப் போக வேண்டிய மருந்து. நரம்பு வழியாக லிட்டர் கணக்கில் உப்புநீர் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்று கண்ட பிறகுதான் தப்பியது. இன்றும் சிஸ்பிளாட்டின் நாளில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறுவதும், நர்ஸ் எத்தனை மில்லி யூரின் போனது என்று விடாமல் கேட்பதும் அதனால்தான்.

1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பரவிய விரைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டினோடு வின்பிளாஸ்டின், ப்ளியோமைசின் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். 1977-ல் 50 பேரின் முடிவு வெளிவந்தது. மதிப்பிட முடிந்த 47 பேரில், மீதிக் கட்டியை அறுவை செய்து எடுத்தவர்களையும் சேர்த்து, 85 சதவீதம் பேருக்கு நோய் இல்லை. அதற்கு முன்னால் பரவிவிட்டால் பெரும்பாலோர் இறந்தார்கள். 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி. வித்தியாசம் இவ்வளவு பிரமாண்டமாக இருந்ததால் குலுக்கல் தேவைப்படவில்லை. இப்படி ஒரு பாய்ச்சல் எப்போதாவது ஒருமுறைதான் கிடைக்கும்.

அடுத்த படிக்குக் குலுக்கல் தேவைப்பட்டது. வின்பிளாஸ்டினுக்குப் பதில் எட்டோபோசைடு போட்டால் எப்படி? 1987-ல் வந்த விடை: வின்பிளாஸ்டின் பக்கம் 74 சதவீதம் பேர் நோயிலிருந்து விடுபட்டார்கள், எட்டோபோசைடு பக்கம் 83. நரம்பு, தசைத் தொந்தரவும் குறைவு. பி.இ.பி. நிலைத்தது அப்போதுதான்.

இதுவரை: குலுக்கினால்தான் மருந்தின் பலனை மற்றவற்றிலிருந்து பிரிக்க முடியும், கட்டம் கட்டமாகப் போனால்தான் ஆபத்து சிலரோடு நிற்கும்.

ஒரு மூட்டையைக் குறைத்தால்?

இனி வருவதுதான் பலரும் அறியாத பகுதி. ஏக்கருக்கு நான்கு மூட்டை போடும் விவசாயி, மூன்று மூட்டையிலும் அதே விளைச்சல் வருமா என்று கேட்டால், அவர் புது உரம் தேடவில்லை. செலவையும் மண் கெடுவதையும் குறைக்கப் பார்க்கிறார். மருத்துவத்தில் இதற்கு ‘தாழ்வின்மை ஆய்வு’ என்று பெயர். லேசான சிகிச்சை பழையதைவிட மோசமில்லை என்று காட்டினால் போதும்.

கணக்கைப் பார்ப்போம். சிஸ்பிளாட்டின் அளவு உடல் பரப்புக்கு ஏற்றது: சதுர மீட்டருக்கு 20 மி.கி., ஐந்து நாள். 1.7 சதுர மீட்டர் உடல் உள்ள இளைஞருக்கு நாளுக்கு 34 மி.கி., சைக்கிளுக்கு 170. மூன்று சைக்கிளில் 510, நான்கில் 680. இந்த மொத்தம் ஏற ஏறக் காதில் ரீங்காரம், விரல் நுனி மரத்துப்போவது, சிறுநீரகத் தேய்மானம் கூடும். தறியில் நூல் முடிச்சுப் போடுபவருக்கும் பவர் டேபிளில் தைப்பவருக்கும் விரல் மரத்தால் பிழைப்பே போச்சு. அந்த நான்காவது சைக்கிள் உண்மையில் தேவையா?

பரவியிருந்தும் குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ள 812 பேரிடம் ஐரோப்பாவில் இதைக் குலுக்கிப் பார்த்தார்கள். முடிவு 2001-ல் வந்தது. ஒரு பக்கம் மூன்று சைக்கிள் பி.இ.பி.; இன்னொரு பக்கம் அதற்கு மேல் ப்ளியோமைசின் இல்லாத ஒரு சைக்கிள். இரண்டு வருடம் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் மூன்று சைக்கிளில் 90.4 சதவீதம், நான்கில் 89.4. ஆக, அப்படிப்பட்டவர்களுக்கு மூன்றே போதும்.

ஏன் 812 பேர்? பக்கத்துக்கு 20 பேர் என்றால் ஒரே ஒருவர் மாறினாலே 5 சதவீதம் ஆடிவிடும். அந்த ஆய்வு தேடியதே 5 சதவீத இழப்பு இருக்கிறதா இல்லையா என்பதைத்தான். நோயோ அரியது. ஒரு மாவட்டத்தில், ஏன், ஒரு மாநிலத்தில்கூட இத்தனை பேர் சீக்கிரம் சேர மாட்டார்கள். விரைப் புற்றுநோய் ட்ரயல்கள் பல நாடுகள் சேர்ந்து நடத்துவதாகவும் வருடக்கணக்கில் இழுப்பதாகவும் இருப்பது இதனால்தான்.

ஆரம்ப நிலை செமினோமாவில் ஒரு காலத்தில் கதிர்வீச்சுதான் வழக்கமாக இருந்தது; நம் ஊர் பேச்சில் ‘கரண்ட் வைக்கறது’. வயிற்றின் பின்பக்கம் பல நாள் வைக்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்து வேறு புற்றுநோய் வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு. அதற்குப் பதில் கார்போபிளாட்டின் ஒரே ஒரு ஊசி போதுமா? 1477 பேர் சேர்ந்த ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. மூன்று வருடம் நோய் திரும்பாதவர்கள் கதிர்வீச்சில் 95.9 சதவீதம், ஒற்றை ஊசியில் 94.8.

மருந்தே இல்லாத ட்ரயலும் உண்டு. அறுவைக்குப் பின் மருந்து எதுவும் தராமல் கண்காணிப்பில் மட்டும் இருக்கும் 669 பேரை பிரிட்டனில் குலுக்கினார்கள். ஐந்து வருடத்தில் ஏழு ஸ்கேனா, மூன்றா? சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை. நோய் பெரிதாகும்வரை தவறவிட்டவர்கள் எந்தப் பக்கமும் மிகச் சிலரே. குறைவான ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் ஏற்கத்தக்கவை என்று 2022-ல் முடிவு வந்தது. ‘எலி’ என்று பயப்படுபவர் இந்த ட்ரயலில் சேர்ந்திருந்தால் அவருக்கு நடந்திருக்கக்கூடியது நாலு ஸ்கேன் குறைந்தது மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த ‘குறைத்தால் போதுமா’ கேள்வி புதிதில்லை. ஒரு காலத்தில் காசநோய் என்றால் பெருந்துறை சானடோரியத்துக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருவார்கள். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் ஆகாதா என்று சென்னையில் 193 பேரைக் குலுக்கிப் பார்த்த ஆய்வின் முடிவு 1959-ல் வந்தது. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்குச் சமமாகவே நின்றது. இன்று நம் வீட்டில் யாரோ ஒருவர் காசநோய் மாத்திரையைத் திண்ணையில் உட்கார்ந்து விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார் என்றால், பெயர் தெரியாத அந்த 193 பேருக்கும் அதில் பங்குண்டு.

குறைத்தது தவறாகப் போனதும் உண்டு. அதை மறைத்தால் இந்த விளக்கம் விளம்பரமாகிவிடும். பரவிய நோயில் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் தாங்க எளிதான கார்போபிளாட்டின் போட்டால் என்ன என்று 598 பேரிடம் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் சிகிச்சை தோற்காதவர்கள் சிஸ்பிளாட்டின் பக்கம் 91 சதவீதம், கார்போபிளாட்டின் பக்கம் 77. இறந்தவர்கள் 10-க்கு எதிராக 27. ‘தெரியாது’ என்று தொடங்கிய கேள்விக்குக் கிடைத்த விடை அது. சிலர் அதற்கு விலை கொடுத்தார்கள். ட்ரயலில் சேர்வதில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், ஆய்வு இல்லாமல் ‘லேசான மருந்துங்க’ என்று ஊரெல்லாம் கார்போபிளாட்டினுக்கு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும்.

ஒரே மருந்து, ஆரம்ப நிலை செமினோமாவில் போதும், பரவிய நோயில் போதாது. ட்ரயலின் விடை அது கேட்ட கேள்விக்கு மட்டும்தான் செல்லும்.

சர்க்கரை மாத்திரை கொடுப்பார்களா?

மருந்து போலவே இருக்கும் வெறும் மாத்திரைக்கு பிளாசிபோ என்று பெயர். குணமாக்கும் சிகிச்சை கையில் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுக்க, ட்ரயலுக்கு அனுமதி தரும் எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் குறைந்தபட்சம் நடைமுறையில் உள்ள சிறந்த சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

‘எல்லாம் கைவிட்டால்தான் ட்ரயல்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? புத்தம் புது மருந்துகளிடமிருந்து. பி.இ.பி.யால் குணமாகக்கூடியவரிடம் அதை நிறுத்திப் புதியதைச் சோதிக்க முடியாது. ஆகவே அவை நோய் திரும்பியவர்களிடம்தான் முதலில் வரும். திரும்பிய நோய்க்கு வழக்கமான அளவு கீமோவா, அல்லது நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களை முதலில் எடுத்துவைத்து, மிக அதிக அளவு கீமோ கொடுத்து, பிறகு அவற்றைத் திரும்ப ஏற்றுவதா என்று கேட்கும் ‘டைகர்’ என்ற பன்னாட்டு ட்ரயல் இந்த வகை.

புதிது என்பதாலேயே நல்லது என்றும் ஆகாது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் பல புற்றுநோய்களில் பேர் வாங்கிய மருந்து. நோய் திரும்பிய 12 பேரிடம் இரண்டாம் கட்டத்தில் பார்த்ததில் ஒருவருக்கும் கட்டி போதுமான அளவு சுருங்கவில்லை. 12 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டம் என்பதன் பயன் இதுதான். லேப் டிப்பிலேயே ஷேடு வரவில்லை, பல்க் மிச்சம்.

மேற்பார்வை யாருடையது?

இந்தியாவில் புது மருந்து ட்ரயலுக்குச் சட்டம் 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் க்ளினிக்கல் ட்ரயல் விதிகள். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதி, அதோடு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் ‘இந்தப் படிவம் எனக்கே புரியலீங்களே’ என்று சொல்வதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

உயிருக்கு ஆபத்தான எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ட்ரயலால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

நோயாளி தானே சரிபார்க்கக் கூடியது பதிவேடு. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய க்ளினிக்கல் ட்ரயல் பதிவேடு 2007-ல் தொடங்கியது; 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். ஒவ்வொரு ட்ரயலுக்கும் சி.டி.ஆர்.ஐ., ஆண்டு, மாதம் என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். இணையதளத்தில் ‘டெஸ்டிகுலர்’, ‘ஜெர்ம் செல்’ ஆகிய ஆங்கிலச் சொற்களை இட்டுத் தேடினால் எந்த ஊரில், யார் நடத்துகிறார்கள், ஆள் சேர்ப்பது நடக்கிறதா முடிந்ததா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

எண் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், மருந்துக்குத் தனியாக லட்சங்களில் பணம் கேட்கிறார்கள், எழுத்தில் ஒன்றும் தர மறுக்கிறார்கள் என்றால் அது ட்ரயல் இல்லை. ‘ஸ்டெம் செல் ஊசி’ என்றோ ‘ஆராய்ச்சியில் கண்டுபிடித்த லேகியம்’ என்றோ வருபவை பெரும்பாலும் இந்த ரகம். நியாயமாக எலி என்று சொல்ல வேண்டியது அங்கே போகிறவரைத்தான். சோதனை நடக்கிறது, ஆனால் குறித்துவைக்க ஆள் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

சம்மதப் படிவம் தமிழில் கிடைக்க வேண்டும். பல பக்கம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக நர்ஸ் அவசரப்பட்டால், ‘வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வர்றமுங்க’ என்று சொல்ல உரிமை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ட்ரயலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல். பெரியப்பா முடிவெடுப்பார், மாமா கையெழுத்துப் போடுவார், 24 வயதுப் பையன் வெளியே பெஞ்சில் இருப்பான். 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம், அதோடு விவரம் தெரிந்த பையனின் ஒப்புதலும்.

படிவத்தில் தேட வேண்டியவை: ட்ரயலில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? குலுக்கலில் எந்த இரண்டில் ஒன்று விழும்? வழக்கத்தைவிட எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை ஸ்கேன், எத்தனை முறை வர வேண்டும்? தாராபுரத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ வருபவருக்குக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. பஸ் செலவு தருவார்களா, அன்றைய கூலி போகுமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சோதிக்கும் மருந்து இலவசமாக வரும். மற்ற மருந்து, படுக்கை, ஸ்கேன் யார் கணக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

எங்கே கோளாறாகிறது

பெரும்பாலும் ட்ரயலுக்குள் இல்லை, வாசலில். ஓதம் என்று நினைத்துப் பைத்தோலைக் கீறியவர்களைச் சில ட்ரயல்கள் சேர்க்காது. ஏற்கெனவே ஒரு சைக்கிள் எங்கோ கீமோ போட்டுவிட்டு வந்தவரை ‘முதல் சிகிச்சை’ ட்ரயலில் சேர்க்க முடியாது.

உள்ளே வந்த பிறகு கெடுப்பது இரண்டு. ஒன்று, சைக்கிள் தள்ளிப்போவது. ‘ஆடி நோம்பி முடிஞ்சு வர்றமுங்க’ என்று 22-ம் நாள் 35-ம் நாளாகும். விரைப் புற்றுநோய் வேகமாகப் பெருகும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குக் கிடைத்த வாரம். இரண்டு, சொல்லாமல் நாட்டு மருந்து சாப்பிடுவது. ஈரலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் கீமோவையே நிறுத்த வேண்டி வரும். சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுவது நல்லது, திட்டினால் திட்டட்டும்.

கடைசியாகக் காகிதம். எடுத்த கட்டியை லேபில் மெழுகில் பதித்து வைப்பார்கள், ‘ப்ளாக்’ என்று பெயர். ட்ரயலில் சேரும்போது அதை மறுபடி பார்ப்பார்கள். ஊர் மாறினால் ரசீது கொடுத்து வாங்கி வர வேண்டும். மார்க்கர் ரிப்போர்ட்டை அறுவைக்கு முன்னும் பின்னும் தேதியோடு வைத்திருக்க வேண்டும். காரணம் எளிது. ஏ.எஃப்.பி. ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அறுவைக்கு முன் 1200 இருந்தவருக்கு இரண்டு வாரம் கழித்து 300-ஓ அதற்குக் கீழோ இருந்தால் சரியாக இறங்குகிறது. 900 என்றால் உடலில் வேறெங்கோ நோய் மிச்சம் இருக்கிறது. முன்னதன் சீட்டு தொலைந்திருந்தால், கையில் இருக்கும் 300 இறங்கி வந்த 300-ஆ, ஏறிக்கொண்டிருக்கும் 300-ஆ என்று டாக்டருக்கும் தெரியாது, ட்ரயல் நடத்துபவருக்கும் தெரியாது. இன்னொரு வாரம் காத்திருந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.